‘கெட்’ என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடிக்க ஒரு வழி

பாசிக்குடா ஹோட்டல்களிலும் அறுகம்பை விடுதிகளிலும் புதிதாக வேலைக்குச் சேருகிற பிள்ளைகளை ஆங்கிலத்தில் தடுக்கி விழுத்துவது பெரிய சொற்கள் அல்ல. ‘ரிசர்வேஷன்’ தெரியும், ‘அக்கொமடேஷன்’ தெரியும். ஆனால் வெளிநாட்டுக்காரர் ‘கெட்’ என்ற குட்டிச் சொல்லை நாலு வசனத்தில் நாலு தடவை சொல்லுவார், நாலுக்கும் நாலு பொருள் இருக்கும். அங்கேதான் முழி பிதுங்கும்.

பள்ளிக்கூடத்தில் ‘கெட் என்றால் பெறு’ என்று பாடமாக்கினோம். பிழையில்லை. ஆனால் அந்த ஒரு பொருளை மட்டும் வைத்துக்கொண்டு ‘இட்ஸ் கெட்டிங் டார்க்’ என்பதை விளங்கப் பார்த்தால் ‘அது இருட்டைப் பெறுகிறது’ என்று வந்து நிற்கும். அகராதியைத் திறந்தால் இன்னும் மோசம், பக்கக்கணக்கில் பொருள்கள் ஓடும். எல்லாவற்றையும் பாடமாக்க வெளிக்கிட்டவர்கள் பாதியில் கொப்பியை மூடிவிடுவார்கள்.

பாடமாக்கத் தேவையில்லை. ‘கெட்’ வரும் இடங்களில் பெரும்பாலும் ஒரு மாற்றம் நடக்கிறது: சற்று முன்பு இல்லாதது இப்போது இருக்கிறது. கையில் இல்லாத துவாய் கைக்கு வந்தது, வெளிச்சமாக இருந்த வானம் இருண்டது, ஏறாவூரில் நின்றவர் மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்தார், விளங்காதது விளங்கியது. என்ன மாற்றம் என்று சொல்வது ‘கெட்’ அல்ல, அதற்குப் பின்னால் வரும் சொல். ஆகவே ‘கெட்’ காதில் விழுந்ததும் அதை விட்டுவிட்டு அடுத்த சொல்லைப் பிடிக்கப் பழக வேண்டும். கீழே உள்ள படிகள் அதற்குத்தான்.

1. முதலில் வாயைப் பழக்குங்கள்

தமிழில் ‘கெ’ என்றுதான் எழுத முடியும். வாசிக்கும்போது ‘தங்கம்’ என்பதில் வரும் ‘க’ ஓசையைப் போட வேண்டும். தண்ணீர் கொதிக்க வைக்கும் ‘கெட்டில்’ என்பதில் வரும் ஓசையைப் போட்டால் எதிரே நிற்பவர் நெற்றியைச் சுருக்குவார்.

இறந்தகாலம் ‘கொட்’. நம் பாடசாலைகளில் படிப்பிக்கும் பிரித்தானிய முறையில் மூன்றாவது வடிவமும் ‘கொட்’தான். அமெரிக்கர்கள் மூன்றாவதற்கு ‘கொட்டன்’ என்பார்கள். இரண்டும் சரி, ஆனால் பரீட்சைத் தாளில் ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வரும் சொல் உயிரெழுத்து ஓசையில் தொடங்கினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ‘கெட் அப்’ என்பது ‘கெட்டப்’ ஆகிவிடும், ‘கொட் இட்’ என்பது ‘கொட்டிட்’. அமெரிக்கர் வாயில் இன்னும் குழைந்து, நம்முடைய ‘படம்’ என்பதில் வரும் ‘ட’ போல, ‘கெடப்’, ‘கொடிட்’ என்று விழும். இது தெரியாததால்தான் பலர் ‘அவர் கெட் என்று சொல்லவே இல்லையே’ என்பார்கள்.

2. பின்னால் பெயர்ச்சொல் வந்தால்

‘கெட்’டுக்குப் பின் ஒரு பொருளின் பெயர் வந்தால், அந்தப் பொருள் யாரோ ஒருவர் கைக்கு வருகிறது. தமிழில் இதற்கு மூன்று சொற்கள் வைத்திருக்கிறோம்: கிடைத்தது, வாங்கினேன், எடுத்து வந்தேன். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ‘கெட்’ போதும். எது என்பதை இடம் சொல்லும். ‘ஐ கொட் அ லெட்டர்’ என்றால் கடிதம் கிடைத்தது. ‘ஐ கொட் அ ஷேர்ட் இன் கல்முனை’ என்றால் கல்முனையில் சட்டை வாங்கினேன். ‘குட் யூ கெட் மீ அ டவல்?’ என்றால் துவாய் ஒன்று எடுத்துவந்து தர முடியுமா?

ஹோட்டலில் வேலை செய்பவர் இந்த மூன்றாவதைத்தான் அதிகம் கேட்பார். ‘கெட் மீ’ என்று காதில் விழுந்தால் அவர் உங்களைப் போய் எடுத்துவரச் சொல்கிறார். பதிலுக்கு ‘ஐ வில் கெட் இட் ஃபொர் யூ’ என்றால் போதும், அழகான ஆங்கிலம். ‘ஐ வில் பிரிங் அண்ட் கம்’ என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. ‘கொண்டு வருகிறேன்’ என்பதை அப்படியே உடைத்துப் போட்டது அது.

இதில் இரண்டு விசேஷம் உண்டு. கதவு தட்டப்படுகிறது அல்லது போன் அடிக்கிறது, ஒருவர் ‘ஐ வில் கெட் இட்’ என்கிறார். அவர் கதவைத் திறக்கப் போகிறார், அல்லது போனை எடுக்கப் போகிறார். தேநீர்க் கடையில் பில் வந்ததும் ஒருவர் ‘ஐ வில் கெட் திஸ்’ என்றால், காசு அவர் கொடுக்கப் போகிறார். இது விளங்காமல், அவர் எதையோ எடுக்கப் போகிறார் என்று நினைத்து நாமே பேர்சைத் திறந்துவிடுவோம். நட்டம் நமக்குத்தான்.

அறுகம்பையில் அலைச்சறுக்குக் காலத்தில், ஏப்ரல் தொடங்கி ஒக்டோபர் வரை, காலையில் கேட்கும் கேள்வி ஒன்று: ‘டிட் யூ கெட் எனி வேவ்ஸ்?’ அலை ஏதும் அகப்பட்டதா என்று கேட்கிறார்கள். அலையையும் ‘கெட்’ பண்ணலாம்.

‘எடு’ என்ற நம் சொல்லோடு மட்டும் கவனமாக இருங்கள். டிக்கட் எடுத்தேன், லீவு எடுத்தேன், மருந்து எடுத்தேன், ஓஎல்லில் ஒன்பது ஏ எடுத்தாள் என்று எல்லாவற்றுக்கும் எடுத்துத்தான் வைத்திருக்கிறோம். பொருள் வெளியிலிருந்து உங்களிடம் வந்திருந்தால் ‘கெட்’: ‘ஐ கொட் அ டிக்கட்’, ‘ஷீ கொட் நைன் ஏஸ்’. நீங்களாகச் செய்த செயல் என்றால் ‘டேக்’: ‘ஐ டுக் லீவ்’, ‘ஐ டுக் அ ஃபோட்டோ’. நல்ல உதாரணம் மருந்து. ‘ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து எடுத்தேன்’ என்று நம் பக்கத்தில் சொன்னால் மருந்தை வாங்கி வந்தேன் என்று பொருள், ஆகவே ‘ஐ கொட் சம் மெடிசின்’. மருந்தைக் குடித்தால் ‘ஐ டுக் த மெடிசின்’. வைத்தியர் ‘டிட் யூ டேக் த மெடிசின்?’ என்று கேட்கும்போது, மேசையில் இருக்கும் பையை நினைத்து ‘யெஸ்’ சொன்னால் வில்லங்கம்.

3. ‘எனக்கு’ என்று தொடங்கும் வசனங்களைத் தேடுங்கள்

தமிழ் பேசுகிறவருக்கு என்றே இருக்கும் குறுக்குவழி இது. நான் பார்த்த ஆங்கில வழிகாட்டிகளில் இது இல்லை, ஏனென்றால் அவற்றை எழுதியவர்களுக்குத் தமிழ் தெரியாது.

எனக்கு வேலை கிடைத்தது. எனக்குக் காய்ச்சல் வந்தது. எனக்குக் கோபம் வந்தது. எனக்குப் பசி வந்தது. எனக்கு விளங்கியது. தமிழில் இவற்றில் எல்லாம் ‘நான்’ இல்லை. வேலை வருகிறது, காய்ச்சல் வருகிறது, நாம் சும்மா நிற்கிறோம். ஆங்கிலத்தில் ‘எனக்கு’ என்பதை ‘ஐ’ ஆக்கிவிட்டு, ‘கிடைத்தது, வந்தது, விளங்கியது’ எல்லாவற்றையும் தூக்கி ஒரே ‘கொட்’ போட்டால் வசனம் வந்துவிடும்:

ஐ கொட் அ ஜொப்.
ஐ கொட் அ ஃபீவர்.
ஐ கொட் ஆங்ரி.
ஐ கொட் ஹங்ரி.
ஐ கொட் இட்.

‘டு மீ ஃபீவர் கேம்’ என்று எழுதிக்கொண்டுவரும் பிள்ளைக்கு இந்த ஒரு வழியைக் காட்டினால் போதும், பிறகு தானாக ஓடும்.

எல்லா ‘எனக்கு’வும் இப்படி மாறாது. ‘எனக்குத் தெரியும்’, ‘எனக்குப் பிடிக்கும்’ என்பவற்றில் மாற்றம் எதுவும் நடக்கவில்லை, இருக்கிற நிலையைச் சொல்கிறோம். அங்கே ‘ஐ நோ’, ‘ஐ லைக்’. கிடைத்தது, வந்தது, விளங்கியது மாதிரி ஏதோ ஒன்று நடந்திருந்தால்தான் ‘கெட்’.

இதோடு சேர்ந்த இன்னொன்று: ‘பார்க்கக் கிடைத்தது’, ‘கேட்கக் கிடைத்தது’ என்று நாம் சொல்கிறோமே, அதற்கும் ஆங்கிலத்தில் இதே ‘கெட்’தான், பின்னால் ‘டு’ போட்டு வினையைச் சேர்த்தால் சரி. கல்லடியில் இரவுத் தோணியில் போய்வந்த வெளிநாட்டுக்காரரிடம் ‘டிட் யூ கெட் டு ஹியர் த சிங்கிங் ஃபிஷ்?’ என்று கேளுங்கள். பாடும் மீன் பாடியதைக் கேட்கக் கிடைத்ததா? ‘டிட் யூ ஹியர்’ என்று கேட்டால் வெறும் கேள்வி. ‘கெட் டு’ போட்டால் ‘அந்த வாய்ப்பு அமைந்ததா’ என்ற அக்கறை சேர்ந்துவிடும்.

‘கொட் இட்’ பற்றி ஒரு எச்சரிக்கை. நீங்கள் ‘விளங்கிச்சு’ என்று சொல்ல ‘கொட் இட்’ நல்லது. மேலாளரைப் பார்த்து ‘கொட் இட்?’ என்று கேள்வியாகக் கேட்டால் ‘என்ன, விளங்கிச்சா?’ என்று அதட்டுவது மாதிரி இருக்கும். ‘டிட் யூ கெட் தட், சேர்?’ என்றால் மரியாதையாக இருக்கும்.

4. பின்னால் நிலையைக் குறிக்கும் சொல் வந்தால்

டார்க், கோல்ட், டயர்ட், ஓல்ட், பெட்டர் மாதிரிச் சொல் வந்தால் ‘கெட்’ என்பது நம்முடைய ‘ஆகு’. கெட் ரெடி என்றால் ஆயத்தமாகு. ‘த டீ இஸ் கெட்டிங் கோல்ட்’ என்றால் தேத்தண்ணி ஆறிக்கொண்டு வருகிறது.

‘கெட்டிங்’ என்று நீண்டால் தமிழில் ‘-கொண்டு வருகிறது’ அல்லது ‘-கொண்டே போகிறது’ என்று போட்டுப் பாருங்கள், கச்சிதமாகப் பொருந்தும். இருட்டிக்கொண்டு வருகிறது: ‘இட்ஸ் கெட்டிங் டார்க்’. சாமான் விலை கூடிக்கொண்டே போகிறது: ‘திங்ஸ் ஆர் கெட்டிங் எக்ஸ்பென்சிவ்’.

நிலைக்கும் மாற்றத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கே மிக முக்கியம். ‘ஐ ஆம் மெரீட்’ என்றால் நான் கலியாணம் முடித்த ஆள். ‘ஐ கொட் மெரீட்’ என்றால் கலியாணம் நடந்தது. எப்போது என்று சொல்ல வேண்டுமானால் இரண்டாவதுதான் வேண்டும். இன்னொன்று, ‘மெரீட்’ என்ற சொல்லுக்குப் பின் ‘வித்’ வராது. ‘ஷீ கொட் மெரீட் டு அ டீச்சர்’ என்று ‘டு’ போடுங்கள்.

பொறியும் ஒன்று இருக்கிறது. ‘ஆகு’ என்று வரும் இடத்தில் எல்லாம் ‘கெட்’ போட்டுவிடக் கூடாது. ‘தம்பி ஆசிரியர் ஆகிவிட்டான்’ என்பதை ‘ஹி கொட் அ டீச்சர்’ என்றால் அவனுக்கு ஒரு ஆசிரியர் கிடைத்துவிட்டார்! ‘டீச்சர்’ பெயர்ச்சொல், பெயர்ச்சொல் வந்தால் கைக்கு வரும் கதைதான். அங்கே ‘ஹி பிகேம் அ டீச்சர்’ என்று சொல்ல வேண்டும். ‘ஹி கொட் ரிச்’ சரி, ‘ஹி கொட் அ டொக்டர்’ என்றால் டொக்டரை அழைத்துவந்தான். அடுத்த சொல்லைப் பார் என்று முதலில் சொன்னது இதற்காகத்தான்.

5. பின்னால் இடம் வந்தால்

‘கெட் டு’ என்று சொல்லி ஒரு ஊரின் பெயர் வந்தால் ‘போய்ச் சேர்’. ‘ஹவ் டு ஐ கெட் டு பாசிக்குடா?’ என்று மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் ஒருவர் கேட்டால் வழி கேட்கிறார். சுமார் 35 கிலோமீட்டர், வாழைச்சேனைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏற வேண்டும். பதிலிலும் ‘கெட்’ போடலாம்: ‘கெட் த வாழைச்சேனை பஸ். கெட் ஒஃப் அட் வாழைச்சேனை. தென் கெட் அ த்ரீவீலர்.’ மூன்று ‘கெட்’. முதலாவது பிடியுங்கள், இரண்டாவது இறங்குங்கள், மூன்றாவது ஓட்டோ எடுங்கள். இலக்கணப் பிழை எதுவும் இல்லை, யாருக்கும் விளங்கும்.

ஹோம், ஹியர், தெயார் மூன்றுக்கும் முன்னால் ‘டு’ வராது. ‘ஐ கொட் ஹோம் அட் சிக்ஸ்’. ‘ஐ கொட் டு ஹோம்’ பிழை.

ஏறுவது, இறங்குவது எப்படி? பஸ், ரயில், விமானம், கப்பல் மாதிரி உள்ளே எழுந்து நடக்கக்கூடிய வாகனத்துக்கும், மோட்டார் சைக்கிள் மாதிரிக் காலைப் போட்டு ஏறும் வாகனத்துக்கும் ‘கெட் ஒன்’, ‘கெட் ஒஃப்’. கார், ஓட்டோ, தோணி என்று குனிந்து உள்ளே போய் உட்காரும் வாகனத்துக்கு ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’. உதயதேவி ரயிலில் ‘கெட் ஒன்’, மட்டக்களப்பு ஸ்டேஷனில் ‘கெட் ஒஃப்’, வெளியில் நிற்கும் ஓட்டோவில் ‘கெட் இன்’.

ஓட்டோ ஓட்டுகிற அண்ணன்மாருக்கு ஒரு சொல்: வந்து சேர்ந்ததும் ‘கெட் அவுட்’ என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். இலக்கணம் சரி, ஆனால் ‘வெளியே போ’ என்று துரத்துவதற்கும் அதே இரண்டு சொற்கள்தான். ‘யூ கேன் கெட் அவுட் ஹியர், மேடம்’ என்றால் பிரச்சினை இல்லை. மாறாக, சிநேகிதரிடம் நம்ப முடியாத செய்தி ஒன்றைச் சொல்லும்போது அவர் கண்ணை விரித்து ‘கெட் அவுட்!’ என்றால் ‘அட, உண்மையாவா?’ என்று வியக்கிறார். எழும்பிப் போய்விடாதீர்கள்.

‘கெட் டவுன்’ தனிக்கதை. பஸ்ஸிலிருந்து இறங்குவதை இலங்கையில் எல்லோரும் ‘கெட் டவுன்’ என்கிறோம். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும்தான். லண்டன்காரருக்கு ‘கெட் டவுன்’ என்றால் மரத்திலிருந்தோ மதிலிலிருந்தோ இறங்குவதுதான் முதலில் நினைவுக்கு வரும். ஆளை வரவழைப்பதையும் சாமானை இறக்குவதையும்கூட நாம் இப்படிச் சொல்வோம்: ‘வி கொட் டவுன் அ மேசன் ஃப்ரொம் சம்மாந்துறை’, ‘வி கொட் டவுன் த டைல்ஸ் ஃப்ரொம் கொழும்பு’. ‘கொழும்பிலிருந்து சாமான் இறக்கினோம்’ என்று தமிழில் சொல்கிறோமே, அதே இறக்கம். நாட்டுக்குள் இது நடப்பு ஆங்கிலம், பிழை என்று யாரும் திருத்த வேண்டியதில்லை. வெளிநாட்டு விருந்தினரிடம் மட்டும் ‘கெட் ஒஃப்’, ‘வி கொட் அ மேசன்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். ‘ஐ கொட் லேட்’ என்பதும் நம்முடையதுதான். வெளியாட்களிடம் ‘ஐ வொஸ் லேட்’ அல்லது ‘ஐ கொட் டிலேய்ட்’ என்று சொல்லலாம். ‘இட் கொட் லேட்’ என்று ‘இட்’ போட்டால் ‘நேரம் போய்விட்டது’ என்று பொருள், அது எங்கும் செல்லும்.

6. வேறொருவர் செய்த வேலை

தமிழில் ‘நேற்று தலைமயிர் வெட்டினேன்’ என்போம். வெட்டியவர் சலூன்காரர் என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்கமாட்டார்கள். ஆங்கிலத்தில் ‘ஐ கட் மை ஹெயார்’ என்றால் கண்ணாடிக்கு முன்னால் நின்று கத்தரிக்கோலால் நீங்களே வெட்டிக்கொண்டீர்கள். சலூனில் வெட்டியதற்கு ‘ஐ கொட் மை ஹெயார் கட்’.

இதன் அமைப்பு எளிது: கெட், பிறகு பொருள், பிறகு வினையின் மூன்றாவது வடிவம். பைக்கை கராஜில் திருத்தினேன்: ‘ஐ கொட் மை பைக் ரிபேயார்ட்’. பல்லுப் புடுங்கினேன்: ‘ஐ கொட் அ டூத் டேக்கன் அவுட்’. கடவுச்சீட்டைப் புதுப்பித்தேன்: ‘ஐ கொட் மை பாஸ்போர்ட் ரினியூட்’. ‘ஐ டுக் அவுட் மை டூத்’ என்று சொல்லிப் பாருங்கள், கேட்பவர் உங்கள் வாயையே பார்ப்பார்.

பொத்துவில் வீதியில் வாடகை பைக்கைத் தள்ளிக்கொண்டு வரும் ஒருவர், காற்றுப்போன சில்லைக் காட்டி, ‘வேர் கேன் ஐ கெட் திஸ் ஃபிக்ஸ்ட்?’ என்று கேட்கிறார். பின்னால் ‘திஸ்’, அதற்குப் பின்னால் ‘ஃபிக்ஸ்ட்’. எங்கே வாங்கலாம் என்று கேட்கவில்லை. எங்கே கொடுத்துத் திருத்தலாம் என்று கேட்கிறார். ‘கெட்’டோடு நின்றுவிட்ட காது அவரை டயர் விற்கும் கடைக்கு அனுப்பும். முழு வசனத்தையும் கேட்ட காது ஒட்டுப்போடும் கடைக்கு அனுப்பும்.

ஆளைப் பிடித்து வேலை வாங்குவதற்கு ‘டு’ வேண்டும்: ‘ஐ கொட் மை பிரதர் டு டிரைவ்’. தம்பியைச் சொல்லிக்கில்லிச் சம்மதிக்க வைத்து ஓட்ட வைத்தேன். ‘ஐ மேட் மை பிரதர் டிரைவ்’ என்றால் விருப்பமோ இல்லையோ ஓட்ட வைத்தேன். அங்கே ‘டு’ இல்லை.

7. ‘படு’ என்று முடிகிறவை

அடிபட்டான், பிடிபட்டான், அகப்பட்டான். நம் ‘படு’ செய்கிற வேலையை ஆங்கிலப் பேச்சில் ‘கெட்’ செய்கிறது. ‘ஹி கொட் ஹிட் பை அ பைக்’, ‘ஹி கொட் கோட்’. இரண்டாவதில் ஓசையைக் கவனியுங்கள், முதலில் குறில் ‘கொட்’, பிறகு நெடில் ‘கோட்’. மாரி மழைக்குள் மாட்டுப்பட்டால் ‘வி கொட் கோட் இன் த ரெயின்’. பஸ் ஓடாமல் ரத்தானால் ‘த பஸ் கொட் கான்சல்ட்’.

எதிர்பாராமல் நடந்தது, நமக்குப் பாதகமாக நடந்தது என்ற சாயல் பெரும்பாலும் இதில் இருக்கும். கட்டடம் திறந்துவைக்கப்பட்டது, நூல் வெளியிடப்பட்டது மாதிரி முறையான செய்திகளுக்கு ‘வொஸ்’ போடுங்கள்.

8. குட்டிச் சொற்கள் ஒட்டும்போது

இந்தக் கூட்டத்தைக் கண்டுதான் பலர் பயப்படுகிறார்கள். ஏற்கெனவே சில உங்கள் வாயில் இருக்கின்றன. பழைய மாணவர் ‘கெட் டுகெதர்’ நடத்துகிறோம், சினிமாவில் நடிகரின் ‘கெட்டப்’ பற்றிக் கதைக்கிறோம். ஆங்கிலத்திலும் ‘கெட்டப்’ என்று ஒட்டிச் சொன்னால் உடுப்பு அலங்காரம்தான், பிரித்து ‘கெட் அப்’ என்றால் எழும்பு.

புதிதாக வேலைக்குப் போகிறவர் முதலில் பிடிக்க வேண்டியவை சில. போன் எடுத்தும் இணைப்புக் கிடைக்கவில்லை என்றால் ‘ஐ குட்ன்ட் கெட் த்ரூ’. சுகமில்லாமல் இருந்து தேறினால் ‘ஐ கொட் ஓவர் இட்’. வேண்டாத பொருளைக் கழித்துவிட்டால் ‘கெட் ரிட் ஒஃப்’. கூட வேலை செய்பவரோடு ஒத்துப்போகிறேன் என்றால் ‘வி கெட் அலோங்’. ‘ஐ கேன் கெட் பை இன் சிங்களா’ என்றால் சிங்களத்தில் சமாளிப்பேன், சரளம் இல்லை. நேர்முகத் தேர்வில் மொழி பற்றிக் கேட்டால் சொல்வதற்கு நேர்மையான வசனம் அது.

நேர்முகத் தேர்வு முடிந்ததும் ‘வி வில் கெட் பாக் டு யூ’ என்பார்கள். ‘பிறகு அறிவிப்போம்’ என்பதே பொருள். அவர்கள் திரும்பி வருவார்கள் என்று வாசலைப் பார்த்திருக்க வேண்டாம், அடுத்த விண்ணப்பத்தை எழுதத் தொடங்குங்கள்.

‘கெட் யூஸ்ட் டு’ மட்டும் கொஞ்சம் நிதானம் கேட்கும். ‘ஐ யூஸ்ட் டு லிவ் இன் கட்டார்’ என்றால் முன்பு கட்டாரில் இருந்தேன், இப்போது இல்லை. ‘ஐ கொட் யூஸ்ட் டு லிவிங் இன் கட்டார்’ என்றால் கட்டார் வாழ்க்கை பழகிவிட்டது. ஒரு ‘கொட்’ வந்ததும் பொருள் முழுக்க மாறிவிட்டது, ‘லிவ்’ என்பதும் ‘லிவிங்’ ஆகிவிட்டது.

9. ‘ஹேவ் கொட்’ வந்தால் மாற்றத்தைத் தேடாதீர்கள்

விதிக்கு விலக்கு இது. ‘ஐ ஹேவ் கொட் அ பைக்’ என்பது ‘ஐ ஹேவ் அ பைக்’ என்பதேதான், என்னிடம் பைக் இருக்கிறது. வாங்கிய கதை அதில் இல்லை. பேச்சில் ‘ஐவ் கொட்’ என்று சுருங்கும். ‘ஐவ் கொட் டு கோ’ என்று ‘டு’வும் வினையும் வந்தால் ‘நான் போகவேண்டும்’. சினிமாவில் ‘ஐ கொட்டா கோ’ என்று கேட்பது இதைத்தான். ‘கொட்டா’வை வாயால் சொல்லலாம், தாளில் எழுதாதீர்கள்.

3ஆம் படியில் பார்த்த ‘கெட் டு’ மாதிரி வரும் ‘ஐ கொட் டு கோ’வோடு இது குழம்பும். அங்கே போகக் கிடைத்தது, இங்கே போகவேண்டும். வேகமாகப் பேசுபவர்கள் ‘ஹேவ்’ என்பதை விழுங்கிவிடுவதால் இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். ஆள் சிரித்துக்கொண்டு பழைய கதை சொல்கிறாரா, பையைத் தூக்கிக்கொண்டு எழும்புகிறாரா என்று பாருங்கள்.

10. பழகுவது எப்படி, எங்கே விடுவது

கொப்பியில் அகராதிப் பொருளை எழுத வேண்டாம். உங்கள் நாளில் நடந்ததைத் தமிழில் எழுதுங்கள்: எழும்பினேன், பஸ் கிடைக்கவில்லை, நனைந்துபோனேன், சம்பளம் வந்தது, பைக் திருத்தினேன், களைத்துப்போனேன், வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். ஒவ்வொன்றையும் ‘கெட்’ வைத்து ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். மேலே உள்ள ஏழும் ‘கெட்’டுக்குள் அடங்கும்: கொட் அப், டிட்ன்ட் கெட் அ பஸ், கொட் வெட், கொட் மை சாலரி, கொட் த பைக் ரிபேயார்ட், கொட் டயர்ட், கொட் ஹோம். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். எழுதிவைத்தால் மட்டும் நாக்குப் புரளாது.

எழுத்தில் வேறு கணக்கு. விண்ணப்பக் கடிதம், அலுவலக மின்னஞ்சல், பரீட்சைக் கட்டுரை ஆகியவற்றில் ‘கெட்’ அடிக்கடி வந்தால் சாரத்தோடு ஒபிசுக்குப் போனது மாதிரி இருக்கும். அதற்குக் காரணம் உண்டு. ‘கெட்’ ஆங்கிலத்துக்கு வந்தது வைக்கிங்குகள் பேசிய பழைய நோர்ஸ் மொழியிலிருந்து. வீட்டிலும் வயலிலும் புழங்கிய சொல். ‘ரிசீவ்’, ‘ஒப்டெய்ன்’, ‘அரைவ்’ எல்லாம் பிரெஞ்சு வழியாக வந்தவை. 1066இல் நோர்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரசவையும் நீதிமன்றமும் பிரெஞ்சில் நடந்ததால், அந்தச் சொற்களுக்கு இன்றைக்கும் ஒரு ‘கனம்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாம் வாயால் ‘வாங்கினேன்’ என்று சொல்லிவிட்டு விண்ணப்பத்தில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதுவது போலத்தான்.

ஆகவே கடிதத்தை எழுதி முடித்ததும் ஒருமுறை ‘கெட்’, ‘கொட்’ எங்கே என்று தேடி வட்டம் போடுங்கள். கிடைத்தது என்றால் ‘ரிசீவ்ட்’, வாங்கினேன் என்றால் ‘போட்’, ஆனது என்றால் ‘பிகேம்’, வந்து சேர்ந்தேன் என்றால் ‘அரைவ்ட்’ என்று மாற்றுங்கள். எதை எதற்கு மாற்றுவது என்று குழப்பம் வந்தால் வட்டத்துக்கு அடுத்த சொல்லைப் பாருங்கள். சிநேகிதருக்கு அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியில் இந்த வேலை வேண்டாம். அங்கே ‘ஐ ரிசீவ்ட் யுவர் மெசேஜ்’ என்று எழுதினால் உங்களுக்கு என்ன கோபம் என்று அவர் கேட்பார்.